மாசியில் ஒரு மலைநடை... கையில் மம்பட்டி!

வசந்த காலம் என்றதும் நமக்கெல்லாம் என்ன ஞாபகம் வரும்? கதாநாயகன் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டும், கதாநாயகி மெல்லிய சேலையிலும் பனிமலையில் உருளுவார்களே, அதுதான்! நிஜத்தில் நம்ம ஊர் வசந்தம் வேறு மாதிரி. ஆபீஸில் இயர் எண்டிங் கணக்கு, வருமான வரிக்காக எல்.ஐ.சி. ரசீது தேடும் படலம், வீட்டுப் பம்பில் தண்ணீர் இறங்கிவிட்டதாகப் புலம்பல்... இந்த மூன்றும் ஒரே வாரத்தில் வந்தால் பங்குனி நெருங்கிவிட்டது என்று அர்த்தம்.

அமெரிக்கா மாதிரி தேசங்களில் இந்த சீஸனில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஊருக்குப் பக்கத்தில் பாதுகாத்து வைத்திருக்கும் காடு, புல்வெளிக்கு ஞாயிற்றுக்கிழமை ஜனங்களை அழைத்துப் போவார்கள். விஷயம் தெரிந்த ஒருவர் முன்னால் நடந்து பூ, பறவை எல்லாம் காட்டுவார். பார்த்து முடித்ததும், 'சும்மா போகாதீங்க, இந்தக் களையைக் கொஞ்சம் பிடுங்கிட்டுப் போங்க' என்று வேலையும் கொடுப்பார்கள். காசு கிடையாது. முதுகுவலி இலவசம்!

இதை நம்ம ஊரில் செய்ய முடியாதா? தாராளமாக முடியும். ஒரே ஒரு வித்தியாசம். அங்கே வசந்தத்தில் பனி உருகும். இங்கே வசந்தத்தில் காடு பற்றிக்கொள்ளும்.

அதை நேரில் தெரிந்துகொள்ள நான் போன இடம் அரூர்.

தர்மபுரி ஜில்லாவின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது அரூர். சென்னையிலிருந்து சேலம் போகும் ரயில் பாதையில் மொரப்பூரில் இறங்கி பஸ் பிடித்தால் போதும். மரவள்ளி, மஞ்சள், கரும்பு விளைகிற பூமி. கோபாலபுரத்தில் சுப்பிரமணிய சிவா பெயரில் ஒரு கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை. ஒரு பக்கம் தீர்த்தமலை, இன்னொரு பக்கம் சித்தேரி மலை. சித்தேரிக்கும் கல்வராயனுக்கும் நடுவே சிட்லிங்கி பள்ளத்தாக்கு.

'மலைன்னா குளுகுளுன்னு இருக்குமே!' என்று சால்வையை எடுத்து வைக்காதீர்கள். இது ஊட்டி இல்லை. மாசியில் இலை உதிர்த்துவிட்டு, எலும்பும் தோலுமாக நிற்கிற காடு. தூரத்திலிருந்து பார்த்தால் மலைக்கு யாரோ மொட்டை போட்டு அரைகுறையாக விட்ட மாதிரி இருக்கும்.

கிட்டே போனால்தான் சங்கதியே!

முதல் நாள் தீர்த்தமலை ஏறினேன். தீர்த்தகிரீஸ்வரர் கோயில் மலை மேலே. ராமர் தீர்த்தம், குமார தீர்த்தம், கௌரி தீர்த்தம், அகஸ்தியர் தீர்த்தம், அக்னி தீர்த்தம் என்று வரிசையாகத் தீர்த்தங்கள். ராமர் தீர்த்தம் உயரத்தில் பாறையிலிருந்து கொட்டுகிறது. படியேறி வேர்த்து வழியும்போது அந்தத் தண்ணீர் தலையில் விழுந்தால், நாத்திகனும் ஒரு நிமிஷம் யோசிப்பான். குரங்குகள் மட்டும் யோசிப்பதே இல்லை. தேங்காய் மூடி, பிஸ்கட், கூலிங் கிளாஸ் என்று எதைக் கண்டாலும் ஒரே பார்வைதான்.

மழை பெய்து மாசக்கணக்காகிறது. பாறையில் எப்படித் தண்ணீர்? ஆனி, ஆடியில் தொடங்கி கார்த்திகை வரை பெய்த மழையை மேலே இருக்கிற மண்ணும் வேரும் சருகும் குடித்து வைத்துக்கொள்கின்றன. பிறகு பாறை இடுக்கு வழியாகச் சொட்டுச் சொட்டாக இறக்குகின்றன. நம் சேமிப்புக் கணக்கு மாதிரி. ஒரே வித்தியாசம், இதில் மாசக் கடைசியிலும் பாக்கி இருக்கிறது!

இரண்டாம் நாள்தான் நான் வந்த வேலை. சித்தேரி மலை அடிவாரம். நண்பர்கள் நாலு பேர். எங்களுக்கு வழிகாட்டி அந்த மலைக்காரர் ஒருவர், வயது ஐம்பதுக்கு மேல். மலையாளி இனத்தவர். கேரளா என்று நினைத்துவிடாதீர்கள்! சித்தேரி, கல்வராயன், சேர்வராயன், ஜவ்வாது, கொல்லிமலை எல்லாவற்றிலும் வாழ்கிற பழங்குடியினருக்கு அந்தப் பெயர். பேசுவது தமிழ்தான். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் எங்கள் முன்னோர்கள் என்று கதை சொல்வார்கள்.

அவர் முன்னால் நடக்க, காடு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. "இது உசிலைங்க சார். இலையைக் காயவெச்சு இடிச்சா அரப்பு. நீங்க பாட்டில்ல வாங்கித் தலைக்குப் போடுறீங்களே, அதுக்கு அப்பன்." அடுத்து ஒற்றை இலை இல்லாமல் கிளையெல்லாம் ஆரஞ்சு நெருப்பாக ஒரு மரம். புரசு. இதன் இலையைத் தைத்துத்தான் ஒரு காலத்தில் கல்யாணப் பந்தியில் சாப்பாடே போட்டார்கள். பூவுக்குள் மூக்கை விட்டுத் தேன்சிட்டுகள் ரகளை பண்ணிக்கொண்டிருந்தன.

புதருக்குள்ளிருந்து திடீரென்று இரட்டை விசில். நண்பர் ஒருவர் திரும்பிப் பார்த்து, "யாருப்பா கூப்பிடறது?" என்றார். ஆறுமணிக் குருவி! காலை ஆறு, மாலை ஆறு வாக்கில் கூவுவதால் அந்தப் பேர். உடம்பில் பச்சை, நீலம், வயிற்றடியில் சிவப்பு என்று ஹோலி ஆடிவிட்டு வந்த மாதிரி இருக்கும். குளிர்காலத்துக்கு வடக்கேயிருந்து வந்து, கோடை பிறந்ததும் இமயமலை அடிவாரம் வரை திரும்பிப் போகிற பறவை. நேரம் தவறாமை, வருஷா வருஷம் சொந்த ஊர் லீவு... மத்திய சர்க்கார் உத்தியோகம் போலிருக்கிறது!

"வேடிக்கை போதுங்க சார், வெயில் ஏறுது" என்று மம்பட்டியைக் கையில் கொடுத்தார் வழிகாட்டி. வனக்காவலர் ஒருவரும், ஊர் இளைஞர்கள் ஏழெட்டுப் பேரும் காத்திருந்தார்கள். வேலை இதுதான்: ஊர் எல்லையும் காடும் சேருகிற இடத்தில் அகலமாக ஒரு பட்டை. அதில் ஒரு சருகுகூட இல்லாமல் வாரி, புல்லைச் செதுக்கி, மண் தெரிய வைக்க வேண்டும். தீத்தடுப்புக் கோடு. தையில் ஒரு தடவை போட்டது, மறுபடி இலை விழுந்து மூடிவிட்டது. அதனால் இரண்டாம் சுற்று.

இந்தக் காட்டில் தீ மரத்தின் உச்சியில் ஓடாது. தரையில் ஓடும். சருகுதான் அதற்குப் பெட்ரோல். சருகு இல்லாத பட்டை வந்தால் ஓட முடியாமல் நின்றுவிடும். சாதாரண சமாசாரம்தான். ஆனால் அரை மணி நேரம் குனிந்து வாரிப் பாருங்கள், ஆபீஸ் நாற்காலியின் அருமை தெரியும்! உண்ணிச்செடிப் புதர் வேறு வழியெல்லாம். பூ அழகாக இருக்கிறதே என்று வெள்ளைக்காரன் தோட்டத்துக்குக் கொண்டுவந்தது, இன்று இந்தியக் காடுகளையே வளைத்துப் பிடித்துவிட்டது. காய்ந்தால் திகுதிகுவென்று எரியும். முள் கையைக் கிழிக்கும். கிழித்தது.

"தீ தானா வருமா அண்ணா? மூங்கில் உரசினா பத்திக்கும்னு படிச்சேனே?" என்று கேட்டேன்.

சிரித்தார். "எந்த மூங்கில் சார் பீடி குடிக்குது?"

பெரும்பாலும் மனுஷன் வைக்கிற தீதான். அணைக்காமல் எறிந்த பீடி, தேன் எடுக்கக் கொளுத்திய பந்தம், மாட்டுக்குப் புதுப்புல் முளைக்கட்டும் என்று வைத்தது, சமைத்துவிட்டு அணைக்காமல் போன அடுப்பு. பெரிய மரம் பிழைத்துக்கொள்ளும். முழங்கால் உயரக் கன்றுகள் மொத்தமும் போய்விடும். சருகும் புல்லும் போன வெற்று மண்ணில் முதல் மழை விழுந்தால் மண் அரித்துக்கொண்டு ஓடும். ஓடிப் போய்ச் சேருவது எங்கே? சித்தேரி மலைத் தண்ணீர் வள்ளிமதுரையில் வரட்டாறு அணைக்கு வருகிறது. அங்கே தண்ணீருக்குப் பதில் மண் நிரம்பினால், கீழே மஞ்சளும் கரும்பும் போட்டவர் கதி? அந்த ஒரு பட்டைக்குப் பின்னால் இத்தனை இருக்கிறது.

பத்து மணிக்கு நிழலில் உட்கார்ந்து புளிசாதத்தைப் பிரித்தோம். பக்கத்தில் ஒரு சின்னச் செடியைக் காட்டினார். சந்தனம். "இது தனியா வளராதுங்க. பக்கத்துச் செடி வேரைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வளரும்." உண்மைதான். சந்தனம் அரை ஒட்டுண்ணி. நாற்றங்காலில் துணைக்குத் துவரை போட்டு வளர்ப்பார்கள். துணையை வெட்டினால் சந்தனமும் வாடிப்போகும்.

சந்தனம் என்ற வார்த்தை இந்த அடிவாரத்தில் சும்மா ஒரு வார்த்தை இல்லை. 2002-ல் சட்டம் மாறும் வரை தமிழ்நாட்டில் பட்டா நிலத்தில் தானாக முளைத்த சந்தன மரமும் சர்க்காருக்குத்தான் சொந்தம். இங்கேதான் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20-ம் தேதி, சந்தனக் கட்டை பதுக்கியிருக்கிறார்கள் என்று சொல்லி வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலையாளி கிராமத்துக்குள் நுழைந்தார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சிறைக்குப் போனார்கள். குற்றம் சாட்டப்பட்ட அதிகாரிகள், ஊழியர்கள் மொத்தம் 269 பேர். தர்மபுரி கோர்ட் தீர்ப்பு சொன்னது 2011 செப்டம்பரில். அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது கோர்ட். 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சம்பவத்துக்கும் இந்தத் தீர்ப்புக்கும் நடுவில் 31 வருஷம்.

காட்டைக் காப்பாற்றுகிறேன் என்று காட்டுக்காரனை விரட்டினால் என்ன ஆகும் என்பதற்கு வாச்சாத்தியைவிடப் பெரிய பாடம் வேண்டியதில்லை. விரட்டப்பட்டவன் வீட்டில்தான் எந்தப் பாறையடியில் ஊற்று, எந்தச் சரிவில் தீ வேகமாக ஏறும் என்ற ஞானம் இருக்கிறது. இன்று அதே அடிவாரத்தில் வனக்காவலரும் மலைக்காரரும் ஒரே வரிசையில் குனிந்து சருகு வாரியதைப் பார்த்தேன். பழசு மறந்துவிட்டது என்று சொல்ல நான் யார்? ஆனால் இருவர் கையிலும் மம்பட்டி இருந்தது.

மறுபக்கமும் ஒன்று உண்டு. 2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி. சென்னை, ஈரோடு பக்கமிருந்து மலையேறப் போன நம்மைப் போன்ற ஆபீஸ் பையன்கள், பெண்கள். காய்ந்த புல் சரிவில் தீ சூழ்ந்து 23 உயிர் போயிற்று. மாசியின் கடைசி வாரம். மலை தெரிந்தவர்களுக்கு அது தீக்காலம். நமக்கு அது வீக் எண்ட். அதற்குப் பிறகு அந்த ஆண்டே மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்தார்கள். உள்ளூர் இளைஞர்கள்தான் வழிகாட்டிகள். 2025-ல் தீக்காலத்துக்காக பிப்ரவரி 15 முதல் இரண்டு மாதம் அதை நிறுத்தியும் வைத்தார்கள். சரியான காரியம்.

அப்படியானால் வசந்தத்தில் காட்டுப் பக்கமே போகக்கூடாதா? போகலாம், வேலைக்காரனாக! பக்கத்து ஜில்லாவான திருவண்ணாமலையில் 'தி ஃபாரஸ்ட் வே' என்கிற அறக்கட்டளை, மொட்டையாகக் கிடந்த அண்ணாமலையில் மரம் நட்டு வளர்க்கிறது. தீத்தடுப்புக் கோடு போடுவதும், தீப்பிடித்தால் பச்சைத் தழையோடு ஏறி அடித்து அணைப்பதும் அவர்கள் கோடைக்கால வேலை. சென்னையில் 1988-லிருந்து ஒரு மாணவர் குழு, ஆமை முட்டையிடும் சீஸனில் ராத்திரி ராத்திரியாகக் கடற்கரையில் நடந்து முட்டைகளைக் காப்பாற்றுகிறது. கூட நடக்கப் பொதுஜனத்தையும் அழைக்கிறது. மார்ச் வாக்கில் வனத்துறை நடத்தும் பறவைக் கணக்கெடுப்புக்கும் தன்னார்வலர்களைச் சேர்க்கிறார்கள். பறவை பெயர் தெரிந்திருந்தால் போதும். கணக்கு எழுதுவதில் நம்மை மிஞ்ச ஆள் ஏது?

கிளம்பும் ஆசாமிகளுக்குச் சில யோசனைகள்.

அனுமதி இல்லாமல் காப்புக்காட்டில் கால் வைக்காதீர்கள். சட்டப்படி குற்றம். முதலில் வனச்சரக அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். தை மாசமே கேட்டுவிடுவது உத்தமம்.

உள்ளூர் ஆள் இல்லாமல் நடக்காதீர்கள். அவருக்கு ஒருநாள் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். சினிமா டிக்கெட்டுக்கும் பாப்கார்னுக்கும் பேரம் பேசுகிறோமா என்ன?

தீப்பெட்டி, சிகரெட் வீட்டிலேயே இருக்கட்டும். இரண்டு நாள் புகைக்காமல் இருந்தால் வீட்டுக்காரம்மா சந்தோஷப்படுவார், காடும் சந்தோஷப்படும்.

நைலான் சட்டை வேண்டாம், பருத்தி போடுங்கள். தீப்பொறி பட்டால் நைலான் தோலோடு ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் மூன்று லிட்டர். செருப்பு வேண்டாம், ஷூ. ஃபோட்டோ எடுக்கலாம், ஆனால் வாரி முடித்த பிறகு!

லீவு லெட்டரில் காரணம் என்ன எழுதுவது என்று கவலையா? 'காடு பெருக்கப் போகிறேன்' என்றே எழுதுங்கள். மேனேஜர் நம்ப மாட்டார். திங்கட்கிழமை காலை, நிமிர முடியாமல் நீங்கள் ஆபீஸ் படியேறும்போது நம்பிவிடுவார்.