விடு என்னும் வினை

இங்கிலீஷில் 'க்விட்' என்னும் வினைச்சொல்லுக்கு நான்கே எழுத்து. பிள்ளைகளிடம் அதற்குப் பொருள் கேட்டால், ஒரே குரலில் "வெளியேறு" என்பார்கள். காரணம் ஊரறிந்தது. 1942 ஆகஸ்டு 8-ந் தேதி பம்பாய்க் கோவாலியா குள மைதானத்தில் அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டி நிறைவேற்றிய தீர்மானம் 'க்விட் இந்தியா' என்று பெயர் பெற்றது. தமிழ்நாட்டில் அதுவே "வெள்ளையனே, வெளியேறு!" என்று முழங்கிற்று. முழக்கத்துக்கு அது பொருத்தந்தான். ஆனால் அந்தச் சொல்லின் பொருள் அத்துடன் முடிவதில்லை.

ஒருவன் உத்தியோகத்தை விட்டாலும் 'க்விட்'; சுருட்டை விட்டாலும் 'க்விட்'. வீட்டுக்காரர் குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்லி அனுப்புவது 'நோட்டீஸ் டு க்விட்'. 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்திலேயே இந்தச் சொற்றொடர் இருக்கிறது. வெள்ளையர் சர்க்கார் இயற்றிய சட்டத்தின் பாஷையிலேயே, சரியாக அறுபது வருஷம் கழித்து, அவர்களுக்கே நோட்டீஸ் போயிற்று! நோட்டீஸில் வசைக்கு இடமில்லை. "வீடு எங்களுடையது" என்ற உரிமை மட்டுமே பேசும். 'கெட் அவுட்' என்ற வாசகத்தை மரியாதைக் குறைவென்று காந்தியடிகள் ஒதுக்கிவிட்டார் என்றும், யூசுப் மெஹர் அலி சொன்ன 'க்விட் இந்தியா'வை ஏற்றார் என்றும் கூறுவர். அவருடைய மனத்துக்கு உகந்த சொல் எதுவென்பதில் நமக்கு ஆச்சரியமில்லை.

இச்சொல்லின் பூர்வீகம் இன்னும் ரஸமானது. 'அமைதியான' என்று பொருள்படும் லத்தீன் சொல்லில் பிறந்து, பழைய பிரெஞ்சில் 'கடனிலிருந்து நீங்கிய' என்ற பொருளைப் பெற்று, இங்கிலீஷுக்கு வந்தது. நீதிபதி குற்றவாளியல்ல என்று ஒருவனை விடுவித்தால் 'அக்விட்'. இருவருக்குள் கணக்குத் தீர்ந்து பாக்கியில்லை என்றால் 'க்விட்ஸ்'. எல்லாம் ஒரே குடும்பம்.

ஆகவே தமிழில் இதற்கு நேரான சொல் 'வெளியேறு' அல்ல. 'விடு' என்பதே நமது அபிப்பிராயம். ஊரை விடலாம், பதவியை விடலாம், பழக்கத்தை விடலாம். பிடித்திருந்தவன் கையை விட்டால், பிடிபட்டிருந்தவனுக்குக் கிடைப்பது விடுதலை. நாற்பொருளில் கடைசியாகிய வீடும் இந்த வேரில் முளைத்ததே.

1947 ஆகஸ்டு 15-ந் தேதி வெள்ளையர் ஆட்சி விட்டது. நாம் எதை விட்டோம்? தமிழ் பேசிய குழந்தையிடம் அபராதம் வாங்கும் பள்ளிகள் உண்டு. அங்கே இடம் கிடைத்ததற்கு மகிழும் பெற்றோரும் உண்டு. இங்கிலீஷைப் போதித்துச் சம்பளம் வாங்கும் நாம் அந்தப் பாஷையை விடச் சொல்லவில்லை. ஷேக்ஸ்பியரை விட்டால் நஷ்டம் நமக்குத்தான். இங்கிலீஷ் பேசுபவன் உயர்ந்தவன், தாய்மொழி பேசுபவன் தாழ்ந்தவன் என்ற எண்ணத்தைத்தான் விட வேண்டும்.

கட்டளை வாக்கியத்தில் எழுவாய் மறைந்து நிற்கும் என்பது இலக்கணம். 1942-இல் அப்படி மறைந்து நின்றவன் வெள்ளையன். இன்று அந்த இடத்தில் நிற்பவர்கள் நாமே.