டொமினோவைப் பிடித்தாயிற்று, எங்கே விடுவது?



கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். தொட்டிக்குள் மற்ற மீன்களை வாழவிடாத ஒரு மீன் இருந்தால் அதைப் பிடிப்பது பாதி வேலைதான். பிடித்த பிறகு எங்கே விடுவது என்பது மீதிப் பாதி.

எங்கள் வீட்டில் இருப்பது நாலடித் தொட்டி. அதில் ஒரு சோடி நீமோ மீனும், மகளுக்கு மாமா அன்பளிப்பாகக் கொடுத்த ஒரு டொமினோவும் இருந்தன. டொமினோ என்றால் கறுப்பு உடம்பு. நெற்றியில் ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று என மூன்று வெள்ளைப் பொட்டுகள். குஞ்சாக இருக்கும்போது யாருக்கும் பிடித்துப்போகும். ஆனால் வளர்ந்தால் ஐந்து அங்குலம் வரும். பொட்டும் மங்கும், முரட்டுத்தனமும் கூடும். இரண்டு வருடத்தில் தொட்டி முழுவதையும் தன் வளவாக்கிவிட்டது.

நீமோ சோடியில் சின்னது பில்டர் குழாய்க்குப் பின்னால் ஒதுங்கிக் கிடந்தது. வால் கிழிந்திருந்தது. இறால் துண்டு போட்டால் மெல்ல வெளியே வரும், டொமினோ பாயும், திரும்ப ஒளியும். நாலு நாளாகச் சரியான சாப்பாடு இல்லை. "இது கெட்ட மீன்" என்றாள் மகள்.

கெட்ட மீன் இல்லை மகள். கடலில் அது தன் இடத்தைக் காவல் காத்துத்தான் பிழைக்கிறது. அங்கே துரத்துப்பட்ட மீன் கொஞ்சம் தள்ளிப் போனால் சண்டை முடிந்துவிடும். தொட்டியில் கண்ணாடி வரைக்கும்தான் ஓடலாம். அதனால் சண்டை முடிவதே இல்லை.

முதலில் கற்களை இடம் மாற்றி அடுக்கிப் பார்த்தோம். எல்லை குழம்பினால் சில மீன்கள் அடங்கும். இது இரண்டு நாள் அடங்கி, மூன்றாம் நாள் பழையபடி தொடங்கியது. வெளியேற்றுவதைத் தவிர வழியில்லை.

பகலில் வலையோடு துரத்துவது வீண். கல்லிடுக்கில் புகுந்துவிடும், மற்ற மீன்களும் மிரளும். மருந்து ஊற்றிப் பிடிக்கவே கூடாது, தொட்டி முழுவதும் பாதிக்கும். இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, போத்தல் பொறி. சோடாப் போத்தலின் கழுத்துப் பக்கத்தை வெட்டி, தலைகீழாக உள்ளே செருகி, இறால் துண்டு வைத்துத் தொட்டிக்குள் கிடத்த வேண்டும். ஒரு நாள் பட்டினி போட்டால் மீன் நுழையலாம்.

மற்றது, இரவில் அது தூங்கும் கல்லைக் கண்டுபிடிப்பது. எங்களுக்குக் கைகொடுத்தது இதுதான். லைட் அணைந்த பிறகு மகள் டோர்ச் அடித்துப் பார்த்துக் கொப்பியில் குறித்தாள். மூன்று இரவும் ஒரே கல், ஒரே பொந்து. நாலாம் இரவு கறண்டை நிறுத்தி, கையுறை போட்டு, அடியில் வலையைப் பிடித்தபடி கல்லை மெதுவாகத் தூக்கி, தொட்டித் தண்ணி நிரப்பிய வாளிக்குள் வைத்தோம். பயம் வந்தால் டொமினோ தன் பொந்துக்குள் இன்னும் இறுக்கிக்கொள்ளும். இடத்தை விடாத அந்தக் குணத்தாலேயே அது வாளிக்குள் வந்து சேர்ந்தது.

"கடலில விடுவமா?" என்று மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. கடல் எங்களுக்கு நடந்துபோகும் தூரம். டொமினோ இலங்கைக் கடலிலும் வாழும் இனம். பெரியவர்களும் அதையே சொன்னார்கள்.

நாங்கள் விடவில்லை. கடையிலும் வீட்டிலும் பல கடல்களிலிருந்து வந்த மீன்களோடு ஒரே தண்ணியில் கிடந்த மீன் அது. வெள்ளைப்புள்ளி நோய் போன்றவற்றைக் கண்ணுக்குத் தெரியாமல் சுமந்திருக்கலாம். அதைக் கடல் மீன்களுக்குக் கொடுக்க எங்களுக்கு உரிமையில்லை.

வேறு இனமென்றால் ஆபத்து இன்னும் பெரிது. இந்து, பசிபிக் சமுத்திரங்களுக்குரிய லயன் பிஷ் 1985 இல் அமெரிக்காவின் புளோரிடாக் கரையில் காணப்பட்டது. வளர்த்தவர்கள் கடலில் விட்டதே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இன்று கரீபியன் கடல் முழுவதும் பரவி, அங்குள்ள சின்ன மீன்களைத் தின்று தீர்க்கிறது. அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. எங்கள் நாட்டுக் குளங்களில் மீனவர் வலையில் சிக்கும் டேங்க் கிளீனர் மீனும் வீட்டுத் தொட்டிகளுக்காகக் கொண்டுவரப்பட்டதுதான்.

கொல்லவும் மனம் வரவில்லை. அது வாயில்லா ஜீவன். வாளியை மூடி, பற்றரி எயார் பம்ப் போட்டு வைத்துவிட்டு மாமாவுக்குச் சொன்னோம். கோபிப்பார் என்று நினைத்தோம். அவரே அடுத்த ஊரில் ஆறடித் தொட்டியில் கிளாத்தி போன்ற பெரிய மீன்கள் வளர்க்கும் ஒருவரைத் தேடித் தந்தார். இரண்டு தொட்டியிலும் உப்பின் அளவு வேறு. அதனால் அந்தத் தண்ணியை ஒரு மணித்தியாலம் சொட்டுச் சொட்டாக வாளிக்குள் இறக்கிப் பழக்கிய பிறகே விட்டோம். அங்கே இப்போது அதுதான் சின்ன மீன்.

இங்கே சின்ன நீமோ மூன்றாம் நாள் குழாயை விட்டு வெளியே வந்தது. வால் மெல்ல வளர்கிறது.

பிள்ளைகளுக்கு மீன் வாங்கும்போது அது எவ்வளவு பெரிதாக வளரும் என்று கடையில் கேளுங்கள். ஒத்துவராத மீன் இருந்தால் முதலில் அதற்கு ஒரு வீடு பாருங்கள், பிறகு வலையை எடுங்கள். கடலிலோ குளத்திலோ மட்டும் விடாதீர்கள். பெரிய தொட்டி வைத்திருப்பவர்கள் உங்கள் பக்கத்தில் யாரும் இருந்தால் சொல்லுங்கள், தேவைப்படுபவர்களுக்கு உதவும்.