பங்குனி முற்றம்

பங்குனி 3

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வரைக்கும், கல்வராயன் மலையடிவாரத்து ஊர்களில் இந்த மாதம் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் புளி தட்டும் சத்தம் கேட்கும். இந்தக் குறிப்புகளில் வரும் வீடும் அந்த ஊர்களில் எங்கும் காணக்கூடிய வீடுதான். ஆயா, அம்மா, மரச்சிற்பப் பட்டறைக்கு வேலைக்குப் போகும் அப்பா, எட்டாம் வகுப்பு படிக்கும் மூத்தவள், மூன்றாம் வகுப்புச் சின்னவன். இவர்களுக்குப் பெயர் வைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை, வேலையைப் பார்க்கலாம்.

மலையிலிருந்து இறங்கிய புளி திண்ணையில் மூட்டையாகக் கிடக்கிறது. முதல் வேலை, ஓடு மொறுமொறுப்பாகும்வரை காயவைப்பது. ஈரம் இருந்தால் ஓடு சதையோடு ஒட்டிக்கொண்டு கழுத்தறுக்கும். காய்ந்த பிறகு ஓட்டை உடைத்து, கோதை உருவி, ஒவ்வொரு சுளையையும் கல்லில் வைத்துத் தட்டிக் கொட்டை எடுக்க வேண்டும். ஆயா இதற்கு அப்பாவின் பழைய கொட்டாப்புளியை எடுத்துக்கொண்டார். ஒரு பருவம் முழுக்க உளியைத் தட்டித் தேய்ந்த கட்டை, இப்போது புளியைத் தட்டுகிறது. எடுத்த சதையில் கல் உப்பைத் தூவி, சாடியில் அடுக்கடுக்காக அழுத்த வேண்டும். காற்று புகாமல் இறுகினால்தான் பூச்சி வராது, நிறமும் சீக்கிரம் கறுக்காது.

கொட்டைகள் சின்னவனுக்கு. கருங்கல் படியில் ஒரு பக்கத்தை மட்டும் தேய்த்துக்கொண்டே இருந்தால் பழுப்புத் தோல் போய் வெள்ளைப் பருப்பு தெரியும். அதுதான் தாயக்கட்டை. உருட்டிப் போட்டு, வெள்ளைப் பக்கம் எத்தனை மேலே விழுந்தது என்று எண்ணினால் ஆட்டம் தொடங்கிவிடும். தேய்த்த சூட்டோடு அக்காள் கையில் வைத்து அலற வைப்பதும் ஆட்டத்தில் சேர்த்தி. மிஞ்சும் கொட்டையை வியாபாரி எடை போட்டு வாங்கிப் போகிறார். அதன் பருப்பை அரைத்த மாவுதான் சணல் ஆலையிலும் பருத்தி ஆலையிலும் நூலுக்குக் கஞ்சியாகிறது. ஓட்டை அடுப்பில் போட்டார்கள். வீட்டில் எதுவும் மிச்சமில்லை.

பங்குனி 9

புளி கொண்டுவந்த மலைக்கார அம்மாவே இன்று கடுக்காயும் கொண்டுவந்தார். கல்வராயன் காட்டில் விளையும் பொருள்களில் கடுக்காய்க்குத் தனி இடம். தை முதல் சித்திரை வரை மரத்தடியில் விழுந்ததைப் பொறுக்கிக் காயவைத்துச் சுமந்து இறங்குகிறார்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்னும் மூன்று ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்த மலை இது. நாடு விடுதலை பெற்றுப் பல ஆண்டுகள் கழித்து, 1976-ல்தான் அந்த ஜாகிர் ஆட்சி முடிந்து மலை முழுமையாக அரசு நிர்வாகத்துக்கு வந்தது. காட்டில் பொறுக்கும் சிறு விளைபொருள்கள் அங்கே வாழும் மக்களுக்கே சொந்தம் என்று சட்டம் சொன்னது அதற்கும் வெகுகாலம் பின்னால், 2006-ன் வன உரிமைச் சட்டத்தில். பொறுக்குகிறவர் கையில் கிடைக்கும் காசையும் நகரத்து நாட்டு மருந்துக்கடையில் பொட்டலத்தின் மேல் ஒட்டியிருக்கும் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு மனம் பொறுக்காது. இந்த வீட்டில் ஆயா பேரம் பேசுவதில்லை. கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, “ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போம்மா” என்று இலை போட்டார்.

மூத்தவளுக்குக் கடுக்காயைப் பார்த்ததும் ஒரு யோசனை. பள்ளியில் அறிவியல் ஆசிரியை சொன்ன மை. அதற்கு இரண்டு வேலை உண்டு. ஒன்று, மண் கலயத்தில் துருப்பிடித்த ஆணிகளைப் போட்டு, வெல்லம் கரைத்த தண்ணீரை ஊற்றி, வாயைத் துணியால் கட்டி மூலையில் வைப்பது. கரும்பு ஊர், மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கும் வட்டாரம் என்பதால் வெல்லத்துக்குப் பஞ்சமில்லை. ஆணியைப் பட்டறைக் குப்பையிலிருந்து அப்பா அள்ளிவந்தார். இனி அது தானாகப் புளிக்க வேண்டும். இரண்டாவது வேலை பிறகு.

பங்குனி 15

தண்ணீர்ப் பானை வைக்கும் நாள். மூலையில் ஆற்று மணலைக் கொட்டி, அதன்மேல் புதுப் பானை. கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் சூட்டையும் இழுத்துக்கொண்டு போகிறது. குளிர்ச்சியின் ரகசியம் அவ்வளவே. பானையின் உள்பக்கத்தில் தேற்றான்கொட்டையை இழைத்துவிட்டு ஆயா தண்ணீர் ஊற்றினார். கலங்கல் அடியில் தங்கிவிடும். ஈர மணலில் சின்னவன் வெந்தயத்தைத் தூவினான். வாரம் திரும்புவதற்குள் கீரை.

பங்குனி 22

விடியற்காலையிலேயே அடுப்பில் ஜவ்வரிசி. வடகம் போடும் நாளில் வீட்டில் யாரும் படுத்திருக்க முடியாது. இரவே ஊறவைத்த ஜவ்வரிசியைப் பெரிய குண்டானில் கிளறக் கிளற, வெள்ளை மணி கண்ணாடியாகிறது. பச்சை மிளகாயும் சீரகமும் அரைத்த விழுது, உப்பு, பெருங்காயம், இறக்கும்போது எலுமிச்சைச் சாறு. கூழில் உப்பு கொஞ்சம் குறைவாகவே இருக்க வேண்டும். காய்ந்து சுருங்கினால் தூக்கலாகிவிடும். சூடு ஆறுவதற்குள் மாடியில் நனைத்துப் பிழிந்த வேட்டியை விரித்து, கரண்டி கரண்டியாக வட்டம் போட்டாக வேண்டும். அம்மா போடும் வட்டம் எல்லாம் ஒரே அளவு. மூத்தவளுடையது இந்தியா வரைபடத்தில் பாதி. அதையும் யாரும் எடுத்துப்போடவில்லை. எண்ணெயில் பொரிந்தால் எல்லாம் வடகம்தான்.

இந்த ஜவ்வரிசி எங்கிருந்து வருகிறது என்று சின்னவன் கேட்டான். அப்பா கையைக் காட்டிய திசை சின்னசேலம். மலைச் சரிவிலும் அடிவாரத்திலும் விளையும் மரவள்ளி, அங்கும் ஆத்தூர் பக்கமும் இருக்கும் ஆலைகளுக்குப் போகிறது. தோல் சீவி, அரைத்து, பாலை வடிகட்டித் தொட்டியில் தங்கவிட்டு, அடியில் படியும் மாவைக் குலுக்கி உருட்டி, சூட்டில் வாட்டினால் ஜவ்வரிசி. கிழங்கு தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. போர்ச்சுகீசியர் கப்பலில் கொண்டுவந்தார்கள். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதை ஏழைகளின் உணவாகப் பரப்பினார். இரண்டாம் உலகப் போர் நடந்தபோது மலேயாப் பக்கமிருந்து ஜவ்வரிசி வருவது நின்றது. 1943-ல் சேலத்து மாணிக்கம் செட்டியாரும் பினாங்கில் இந்தத் தொழிலைக் கண்டிருந்த போபட்லால் ஷாவும் சேர்ந்து இங்கேயே மாவெடுக்கத் தொடங்கினார்கள். இன்று வடகம் காயும் மொட்டை மாடிகளுக்குப் பின்னால் அந்தப் போர்க்காலத் தட்டுப்பாடு இருக்கிறது.

கிழங்கைப் பற்றி ஆயா சொன்னது வேறு: “தோலு, தழை எதையும் ஆட்டுக்கு எட்டுற மாதிரி போட்டுடாத.” மரவள்ளியின் தோலிலும் இலையிலும் சயனைடு நஞ்சாக மாறக்கூடிய பொருள் இருக்கிறது. அதைத் தின்று ஆடு செத்த கதை அடிவாரத்து ஊர் ஒவ்வொன்றிலும் உண்டு.

காக்கை ஓட்டும் வேலை சின்னவனுக்கு. மாலையில் துணியைத் திருப்பிப்போட்டுப் பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் வட்டங்கள் உரிந்துவரும். இன்னும் சில வெயில் காய வேண்டும். ஒடித்தால் ‘டக்’கென்று ஒடிய வேண்டும், வளைந்தால் உள்ளே ஈரம். முழுக்கக் காய்ந்ததாகத் தெரிந்தாலும் துளி ஈரம் மாவுக்குள் தங்கியிருக்கும். சூடான எண்ணெயில் அது நீராவியாகி விரியும்போதுதான் வடகம் பொரிகிறது.

சித்திரை 1

வேப்பம்பூ, மாங்காய், வெல்லம் சேர்த்த பச்சடி. கொல்லை வேப்பமரத்தடியில் பழைய புடவையை விரித்து வைத்ததில் பூ தானாக உதிர்ந்து கிடந்தது. பச்சடிக்குப் போக மீதி முறத்தில் காய்கிறது, ரசத்துக்கு.

சித்திரை 5

கலயத்தைத் திறந்தார்கள். நாற்றத்துக்கு ஆயாவே மூக்கைப் பொத்திக்கொண்டார். வெல்லத் தண்ணீர் புளித்து உண்டான அமிலம் துருவைக் கரைத்துவைத்திருக்கிறது. நிறம் வெறும் பழுப்பு. சின்னவன் முகத்தில் ஏமாற்றம். இரண்டாவது வேலையை மூத்தவள் நேற்றே முடித்திருந்தாள். கஞ்சி போகத் துவைத்த வெள்ளை வேட்டித் துண்டை, கடுக்காய்த் தூள் கலந்த எருமைப் பாலில் நனைத்துக் காயவைத்திருந்தாள். மஞ்சள் ஏறியிருந்த அந்தத் துணியில், நுனியில் நூல் சுற்றிய மூங்கில் குச்சியால் பழுப்புத் தண்ணீரைத் தொட்டு ஒரு கோடு இழுத்தாள். கோடு கண்முன்னே கறுத்தது.

இரும்புக் கரைசல் கடுக்காயின் துவர்ப்பைச் சந்தித்தால் கறுப்பு. பாலிலுள்ள கொழுப்பு, மை கசிந்து பரவாமல் பார்த்துக்கொள்கிறது. கலம்காரிக் கலைஞர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருவது இதே முறைதான். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் ஓக் மரத்து மாசிக்காயிலிருந்து எடுத்துப் பத்திரங்களை எழுதிய மையும் இதே இரும்பும் துவர்ப்பும்தான். கருப்பூர் கலம்காரியும் கள்ளக்குறிச்சி மரச்சிற்பமும் 2021-ல் புவிசார் குறியீடு பெற்றன என்று அப்பா சொன்னார். பட்டறையில் அந்தச் செய்தி வந்த நாளின் சந்தோஷம் அவர் குரலில் இன்னும் இருந்தது.

கடையில் வாங்கிய அட்டையில் கடையில் வாங்கிய படத்தை ஒட்டிக் கொடுப்பதைத்தான் பல வீடுகளில் ‘புராஜெக்ட்’ என்கிறார்கள். அதில் பிள்ளைகளின் கை படுவது பசையில் மட்டும். இந்த நாற்றமடிக்கும் கலயத்தில் வேதியியலும் வரலாறும் மலையும் சேர்ந்து கிடக்கின்றன. செலவு என்று பார்த்தால் ஒரு கட்டி வெல்லமும் கொஞ்சம் பாலும். ஆசிரியர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

சித்திரை 12

தாளிப்பு வடகம். இந்தப் பக்கத்துச் சமையலின் உயிரே இதில்தான் இருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை. சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் ஒன்றிரண்டாக இடித்து, ஊறிய உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள்தூள், உப்பு சேர்த்துப் பிசைந்து ஓர் இரவு மூடிவைக்க வேண்டும். காலையில் உருண்டை பிடித்து வெயிலில் வைக்கலாம். பாத்திரத்தில் நிற்கும் வெங்காயத் தண்ணீரைக் கொட்டக்கூடாது. அதையும் வெயிலில் வைத்து, மாலையில் உருண்டைகளை உடைத்து அதிலேயே பிசைந்து, மறுநாள் மறுபடி உருட்ட வேண்டும். தண்ணீர் முழுக்க உள்ளே போகும்வரை இதே வேலை. கடைசியில் விளக்கெண்ணெய் தொட்டு உருட்டிக் காயவைத்தால் ஆண்டு முழுக்கக் கெடாது. கறுத்துச் சுருங்கிய அந்த உருண்டையில் கொஞ்சம் கிள்ளி எண்ணெயில் போட்டால் தெருமுனைவரை மணக்கும். புதுச்சேரியிலிருந்த பிரெஞ்சுக்காரர்கள் இதை விடவில்லை. பாரிஸ் சமையற்காரர்கள் இன்று ‘வடூவான்’ என்று தூவும் மசாலா இதன் பிள்ளைதான்.

பிற்பகல் மூன்று மணிக்கு மலைமேல் கறுத்தது. வெள்ளிமலைப் பக்கம் இடி கேட்டால் அடிவாரத்துக்கு மழை வர அதிக நேரமாகாது. “டேய், முறத்தத் தூக்குடா!” தெரு முழுக்க அதே குரல். எதிர்வீட்டு மாடியில் மிளகாய் அள்ள ஆள் இல்லையென்று அம்மா அங்கே ஓடினார். மூத்தவள் இங்கே அள்ளினாள். மழை கால் மணி நேரம் அடித்து ஓய்ந்தது. கோமுகி ஆறு இந்த மலையில்தான் பிறக்கிறது. அதன் குறுக்கே இருக்கும் அணைக்கு இந்த மழை ஒரு பொருட்டே இல்லை. மாடி சூடு தணிந்ததும் முறங்கள் திரும்ப மேலே ஏறின. மிளகாயைத் திருப்பிக் கொடுக்கப் போன அம்மா ஒரு தூக்கில் பலாச்சுளையோடு வந்தார்.

சித்திரை 19

தேர்வுகள் முடிந்தன. நுங்கு வந்துவிட்டது. நுங்கு தோண்டிய இரண்டு காய்களை ஒரு குச்சியின் இரு முனையில் குத்தி, கவட்டைக் கம்பால் தள்ளினால் நுங்கு வண்டி. குச்சி நேராக இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கமே இழுக்கும். சின்னவன் இதைப் பலமுறை பிரித்துப் பூட்டித் தானே கண்டுகொண்டான். அப்பா திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். எழுந்து வந்து சரிசெய்துவிடவில்லை. தொழில் தெரிந்தவருக்குத்தான் அப்படிச் சும்மா இருக்க முடியும்.

சித்திரை 26

விதைக்குக் கடைசி வெயில் காட்டும் வாரம். சுரை, பீர்க்கு, பூசணி விதைகளைச் சாம்பலில் புரட்டிக் காயவைத்தார்கள். பூசணி விதையைச் சாணத்தோடு சேர்த்து வறட்டியாகச் சுவரில் தட்டுவது ஆயாவின் வழக்கம். ஆடிப் பட்டத்தில் வறட்டியைப் பிட்டு அப்படியே குழியில் போட்டுவிடலாம். எருவும் அதிலேயே இருக்கிறது. கத்தரி, மிளகாய் விதைகள் வேப்பிலையோடு சின்னச் சின்னக் கலயங்களுக்குள் போயின.

போன வருடம் எந்தக் கலயத்தில் எது என்று தெரியாமல் கத்தரிப் பாத்தியில் மிளகாய் முளைத்ததாம். அம்மா சொன்னதும் மூத்தவள் கடுக்காய்த் துணியை நாடா நாடாவாகக் கிழித்தாள். துணியில் பிடித்த மை தண்ணீரில் போகாது. ஒவ்வொரு நாடாவிலும் விதையின் பெயர், அதற்குக் கீழே மாதம். சின்னவனுக்கும் ஒரு நாடா கிடைத்தது. ‘தாயக்கட்டை’ என்று எழுதி, தன் புளியங்கொட்டைச் சுருக்குப்பையில் கட்டிக்கொண்டான். மிச்சமிருந்த நாடாக்களை ஆயா வாங்கிப் புளிச் சாடிகளுக்குக் கட்டினார். திருப்பூரிலிருக்கும் சித்தப்பா வீட்டுக்கு ஒரு சாடி, பெங்களூருக்கு ஒன்று, ஊரிலிருக்கும் அத்தைக்கு ஒன்று. இந்த முறை மலைக்கார அம்மாவுக்கும் ஜவ்வரிசி வடகம் ஒரு படி தனியாக எடுத்துவைத்திருக்கிறார்கள். அடுத்த வாரம் தேன் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.