வரிசையில் நின்ற காலம்

இணைய விளையாட்டு ஆடுகிறவர்களின் திரையில், மேல் மூலையொன்றில், மற்றவர் கண்ணுக்கு எளிதில் படாத சிற்றெண் ஒன்று ஓயாமல் மாறிக்கொண்டிருக்கும். அதற்குப் ‘பிங்’ என்று பெயர். வீட்டிலிருந்து புறப்பட்ட சிறு செய்தியொன்று, விளையாட்டை நடத்தும் சர்வரைத் தொட்டுத் திரும்பி வருவதற்குப் பிடிக்கும் காலத்தை, விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்காகிய மில்லி செகண்டில் அது சொல்லுகிறது. என் தங்கை மகன் ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வழக்கம் எனக்கு உண்டு. ஆட்டத்தைவிட அந்த எண்ணே என் கருத்தைக் கவர்ந்தது. 40க்கு அருகில் சாந்தமாக நின்றுகொண்டிருந்த அது, அவன் அக்கா அடுத்த அறையில் கல்யாண வீடியோ ஒன்றை கிளவுடில் ஏற்றத் தொடங்கிய மாத்திரத்தில் 600, 800 என்று தாவிற்று. “லேக் அடிக்குது மாமா” என்றான். அவள் ஏற்றி முடித்ததும் மறுபடியும் 40. இடையில் கம்பி அறுபடவில்லை, மின்சாரம் போகவில்லை, சர்வர் இருக்கும் ஊர் தூரதேசத்துக்கு நகர்ந்துவிடவும் இல்லை. அப்படியானால் அந்த முக்கால் விநாடி எங்கே போய் நின்றது?

இத்தகைய குறையைச் சொன்னால் எவரும் முதலில் தரும் யோசனை, வேகத்தைக் கூட்டு என்பதுதான். 100 மெகாபிட் திட்டத்தை 300 ஆக்கு, எட்டுக் கொம்பு நீட்டிய ரூட்டரை வாங்கு என்பார்கள். ஆனால் விளையாட்டு சுமக்கும் பாரம் மிகச் சொற்பம். விநாடிக்குச் சில பத்து முறை, முறைக்குச் சில நூறு பைட்டுகள் போய்வந்தால் அதற்குப் போதும். அவை வழியில் காத்து நிற்கலாகாது என்பதொன்றே நிபந்தனை. வீடியோவோ ‘பாக்கெட்’ எனப்படும் 1,500 பைட் துண்டுகளாக ஆயிரக்கணக்கில் புறப்பட்டு, வெளியே போகும் பாதையை அடைத்துக்கொள்ளுகிறது. தபாலாபீசில் ஓர் அஞ்சலட்டை வாங்க வந்தவர், வியாபார ஸ்தாபனமொன்றின் நூறு பார்சல்களைப் பதிவு செய்ய வந்தவருக்குப் பின்னால் நிற்க நேர்ந்தால் என்ன ஆகுமோ, அதுவே இங்கும் ஆகிறது. அப்லோடு வேகம் விநாடிக்கு 10 மெகாபிட். மோடத்துக்குள் 1 மெகாபைட் அளவுக்குப் பாக்கெட்டுகள் தேங்கி நிற்கின்றன என்று வைத்துக்கொண்டால், கடைசியில் வந்து சேர்ந்தது வெளியேற 0.8 விநாடிக்கு மேல் ஆகும். காணாமற்போன காலம் அந்த வரிசையில்தான் நின்றுகொண்டிருந்தது.

இவ்வளவு நீண்ட வரிசைக்கு இடம் கொடுத்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு கொடுக்கவில்லை. நினைவகச் சில்லுகள் மலிந்த காலத்தில், ஒரு பாக்கெட்டும் வீணாய்ப் போகலாகாது என்ற நல்ல சங்கற்பத்தோடு, கிடைத்த இடத்தையெல்லாம் தேக்கமாக்கி வைத்தார்கள். அந்தச் சங்கற்பம் எவ்வளவு அபாயகரமானது என்பதை, இந்தப் பெட்டிகள் நம் வீட்டுச் சுவரில் ஏறுவதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்னரே, 1985 டிசம்பரில், ஃபோர்டு ஏரோஸ்பேஸ் நிறுவனத்தில் இருந்த ஜான் நேகிள் என்பவர் ஒரு குறுங்கட்டுரையில் ஸ்தாபித்துவிட்டார். ஆர்.எஃப்.சி. 970 என்ற எண்ணைத் தாங்கிய அந்த ஏட்டின் விஷயம், முடிவே இல்லாத சேமிப்பிடத்தை உடைய பாக்கெட் சுவிட்ச். சில பக்கங்களே கொண்ட அதை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாகவும் இவ்வளவு தெளிவாகவும் ஒரு தர்க்கத்தை நடத்திச் செல்லுகிற எழுத்து தொழில்நுட்ப உலகில் அபூர்வம்.

அவருடைய வாதம் இது. இடப் பற்றாக்குறை என்பதே அறியாத ஓர் இயந்திரத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வருகிற பாக்கெட்டுகளில் ஒன்றையும் அது தள்ளுவதில்லை. ஆனால் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஓர் ஆயுட்காலம் உண்டு. அது கடந்துவிட்டால் பாக்கெட் கழித்துவிடத் தக்கது. வருவது போவதைவிட அதிகமாயிருந்தால், இடந்தான் அளவற்றதாயிற்றே, வரிசை வளர்ந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில், வரிசையின் தலைக்கு வந்து சேருகிற ஒவ்வொரு பாக்கெட்டும் அங்கே வரும்போதே ஆயுள் முடிந்ததாய் இருக்கும். அப்போது அந்த இயந்திரம், ஒன்றையும் இழக்கலாகாது என்பதற்காகவே அமைந்த அந்த இயந்திரம், அனைத்தையும் இழக்கிறது.

வாதத்தின் பிற்பகுதி இன்னும் அழகானது. வந்தவருக்கெல்லாம் ஒரே வரிசை என்றிருந்தால், அதிகமாக அனுப்புகிறவனுக்கே அதிகப் பங்கு கிடைக்கும். அடக்கமாய் நடப்பவன் நஷ்டப்படுவான். ஆகவே யாவரும் அடங்காமல் நடப்பதே புத்திசாலித்தனம் என்றாகிவிடும். இதற்குப் பரிகாரமாக, அனுப்புகிற ஒவ்வொருவருக்கும் தனி வரிசை ஏற்படுத்தி, வரிசைக்கு ஒன்றாக முறைவைத்து எடுத்துவிடச் சொன்னார் நேகிள். அப்போது அளவுமீறி அனுப்புகிறவன் தன் வரிசையை மட்டுமே நீளமாக்கிக்கொள்ளுகிறான். பிறர் வரிசை பாதிக்கப்படுவதில்லை. மனிதரை நல்லவராக்க முயலாமல், நல்லபடி நடப்பதே லாபம் என்று விதியை அமைக்கும் இந்த யோசனையை, ராஜ்ய பரிபாலனம் பற்றி எழுதுகிறவர்களும் படிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

தள்ளுவது கொடுமையன்று என்பதும் அந்நாட்களிலேயே தெளிவாயிற்று. 1986 அக்டோபரில், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே, 400 கஜ தூரத்தில், விநாடிக்கு 32 கிலோபிட் ஓடிக்கொண்டிருந்த போக்குவரத்து 40 பிட்டுக்கு வீழ்ந்தது. அதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன் 1988இல் வகுத்த முறையின்படி, ஒரு பாக்கெட் தொலைந்தால், பாதையில் நெரிசல் என்று உணர்ந்து அனுப்புகிற கணினி தன் வேகத்தைத் தானே தணித்துக்கொள்ளும். தொலைவதே சேதி. பெரிய தேக்கம் அந்தச் சேதியைத் தாமதப்படுத்துகிறது. அனுப்புகிறவனோ தடையில்லை என்றெண்ணி மேன்மேலும் அனுப்புகிறான். 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் தம் வீட்டு இணைப்பிலேயே இந்நோயைக் கண்டுபிடித்து, ‘பஃபர்புளோட்’ என்ற பெயரில் உலகறியச் செய்தார். 2012இல் கேத்லீன் நிக்கல்ஸும் ஜேக்கப்சனும் ‘கோடெல்’ என்ற மருந்தை வெளியிட்டார்கள். வரிசையின் நீளத்தை அது பொருட்படுத்துவதில்லை. காத்திருப்பு 5 மில்லி செகண்டுக்குக் கீழே இறங்காமல் 100 மில்லி செகண்டு நீடித்தால், ஒன்றை எடுத்து எறிந்து சேதி சொல்லுகிறது.

நேகிளின் முறைவரிசையையும் கோடெலையும் இணைத்த சூத்திரங்கள் இன்று ரூட்டரில் ஏற்றிக்கொள்ளும் ‘ஓப்பன்டபிள்யூஆர்டி’ என்ற இலவச மென்பொருளில் கிடைக்கின்றன, அதில் எஸ்.க்யூ.எம். என்ற பகுதியில் ‘கேக்’ என்பதைத் தேர்ந்தால் போதும். ஒரு காரியம் மட்டும் மனத்துக்கு ஒவ்வாததாய்த் தோன்றும். வீட்டில் எவரும் இணையத்தைத் தொடாத நேரத்தில் வேகத்தை அளந்து, அப்லோடிலும் டவுன்லோடிலும் அதற்கு ஐந்து முதல் பத்து சதவீதம் குறைவான எண்ணையே குறிக்க வேண்டும். வாங்கிய வேகத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தால்தான், வரிசை மோடத்தின் இருட்டுக்குள் சேராமல், முறையறிந்த நம் ரூட்டருக்குள் நிற்கும். இவ்விதம் அமைத்த பின் வீடியோ ஏறிக்கொண்டிருக்கும்போதே ஆட்டமும் தடையின்றி நடக்கிறது. அக்காவும் தம்பியும் ஒருவருக்காக ஒருவர் காத்திருக்க வேண்டியதில்லை. இதற்காக வருஷக்கணக்கில் பாடுபட்டு, மேடையில் மனிதர்களையே பாக்கெட்டுகளாக நிறுத்திக் காட்டி விளக்கிய டேவ் டாட் 2025 ஏப்ரலில் காலமானார். தாம் உழைத்தது எந்த வீட்டில் யாருக்குப் பயன்பட்டது என்று அத்தகையவர்களுக்குத் தெரியவருவதே இல்லை என்ற எண்ணம் என்னை வருத்துகிறது.

வைஃபையை விட்டுக் கேபிளில் இணைப்பது நலம் என்பதை எல்லாரும் சொல்லுவார்கள், அது உண்மை. சுவரும் அயல்வீட்டு அலைகளும் குறுக்கிடாத பாதை அது.

வரிசை ஒழிந்த பின் மிஞ்சுவது கடல். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடிக் கேபிளில் சுமார் 3,000 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி செல்லுவது விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர். போக 15, வர 15, ஆக 30 மில்லி செகண்டை எந்தச் சூத்திரத்தாலும் குறைக்க முடியாது. 1870-71இல் சென்னையையும் பினாங்கையும் சிங்கப்பூரையும் இணைத்துத் தந்திக் கம்பி போட்டதும் இந்தக் கடலுக்குள்தான். குறைக்க இயலாத இத்தாமதத்தைத் தாங்கும் உபாயத்தை 1996இல் ‘குவேக்வேர்ல்ட்’ விளையாட்டில் ஜான் கார்மாக் கையாண்டார்: ஆடுகிறவன் விசையைத் தட்டியதும், சர்வரின் பதிலுக்குக் காத்திராமல், அவன் நகர்ந்துவிட்டதாகவே அவனுடைய கணினி ஊகித்துத் திரையில் காட்டிவிடும். மற்றவர்கள் நிற்கும் இடத்தையோ வந்த செய்திகளைக் கொண்டே வரைய வேண்டும்; அவை சீரான இடைவெளியில் வந்தால் 40 மில்லி செகண்டும் உறுத்துவதில்லை, முன்னும் பின்னுமாய் வந்தால் எதிரி குதித்துக் குதித்து நகருவான்.

மும்பையில் சர்வர் இருக்க, என் தங்கை மகன் சிங்கப்பூர் சர்வரையே தேர்ந்துகொள்ளுகிறான். அவனுடைய பெரியப்பா மகன் அங்கே இருக்கிறான். இருவரும் ஒரே அணியில் ஆடவேண்டும் என்பது ஏற்பாடு. அதன் பொருட்டுச் சில மில்லி செகண்டு கூடுதலாகக் கொடுப்பது நியாயமென்றே எனக்கும் தோன்றுகிறது.