நல்லூர் வழியாக வந்த கிற்றார்

"உதென்ன தம்பி, வீணையோ?"

அம்மம்மா கேட்ட இந்தக் கேள்விதான் என்னைத் தேட வைத்தது. யாழ்ப்பாணத்துப் புளியங்கூடலில் எங்கள் வீட்டு விறாந்தையில், கனடாவிலிருந்து வந்த மாமா தந்துவிட்டுப்போன குறுந்தட்டு ஓடிக்கொண்டிருந்தது. 'சக்தி' குழுவின் முதல் இசைத்தட்டு அது.

"இல்லை அம்மம்மா, வெள்ளைக்காரர் ஒராள் கிற்றார் வாசிக்கிறார்."

"கிற்றார் உப்பிடிக் குழையாது" என்றார் அவர்.

அந்த வெள்ளைக்காரர் ஜோன் மக்லோக்லின். 1942இல் இங்கிலாந்தின் யோர்க்ஷயரில் பிறந்தவர். அமெரிக்கா போய், ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸின் இசைத்தட்டுகளில் வாசித்தார். 1971இல் மகாவிஷ்ணு ஓர்கெஸ்ட்ராவைத் தொடங்கி, மின்கிற்றாரில் இடிபோல் முழங்கிப் பெரும்புகழ் பெற்றார். அந்தப் புகழின் சூடு ஆறுமுன்பே மரக்கிற்றாரை எடுத்துக்கொண்டு, சக்தி குழுவோடு மேடையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். 1975 யூலையில் நியூயோர்க்கை அடுத்த லோங் ஐலண்டில் நடந்த அவர்களது கச்சேரியின் ஒலிப்பதிவைத்தான் அன்று விறாந்தையில் கேட்டுக்கொண்டிருந்தோம்.

தேடத் தேட, அம்மம்மாவின் காது பிழைக்கவில்லை என்று தெரிந்தது. மக்லோக்லின் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். இராமநாதனிடம் வீணை படித்தவர். சக்திக்காகவே தனியாக ஒரு கிற்றார் செய்வித்தார். அதன் மெட்டுகளுக்கு இடையிலுள்ள மரத்தைக் குழிவாகச் செதுக்கியிருந்தார்கள். விரல் மரத்தில் முட்டாமல் தந்தியை அழுத்தவும் இழுக்கவும் முடியும். வீணையில் மெழுகின்மேல் உயர்ந்து நிற்கும் மெட்டுகளில் கமகம் பிறக்கிற வழியும் இதுதான். ஒலித்துளைக்கு மேலே சாய்வாக இன்னும் ஏழு தந்திகள், சுருதிபோல் கூடவே அதிர்வதற்கு. அம்மம்மா கேட்ட குழைவு அந்தக் குழிகளில் இருந்தது.

ஆனால் என்னை உலுக்கியது பக்கத்தில் இருந்த வயலின். அதை வாசித்த எல். சங்கரும் வெஸ்லியனில் படித்தவர். அவரது தந்தை வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். சங்கர் வளர்ந்ததும் இங்கேதான். ஏழு வயதில் அவரது முதல் கச்சேரி நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் நடந்தது. 1958 இனக்கலவரத்தோடு அந்தக் குடும்பம் இலங்கையை விட்டுப் போனது.

பண்ணைப் பாலத்தைக் கடந்தால் எட்டிவிடும் நல்லூரை, லோங் ஐலண்ட் மேடையில் தேட எனக்குத் தோன்றியதேயில்லை. பிறகு அந்த இசைத்தட்டின் பதினெட்டு நிமிட முதல் உருப்படியைக் கேட்டபோது, கிற்றாரும் வயலினும் ஒரே மூச்சில் ஓடும் வேகம் அந்நியமாக இல்லை. சாகிர் உசேனின் தபேலாவும் விக்கு விநாயக்ராமின் கடமும் ஒன்றையொன்று மறித்துக் கேள்வி கேட்கும் இடத்தில், திருவிழா இரவின் தவில்சமாவில் மணலில் இருந்து தாளம் எண்ணிய என் விரல்கள் தாமாக மடிந்தன.

2024இல், விநாயக்ராமின் மகன் செல்வகணேஷும் இருந்த சக்தி குழுவுக்கு 'திஸ் மோமென்ட்' இசைத்தட்டுக்காகக் கிராமி விருது கிடைத்தது. அரை நூற்றாண்டாகியும் மக்லோக்லினுக்கு இந்த இசைமீதான ஆசை அடங்கவில்லை.

தேடிக் கண்டதையெல்லாம் அம்மம்மாவிடம் சொன்னேன். கிராமி அவருக்குப் பெரிதாகப் படவில்லை.

"நல்லூரில வாசிச்ச பிள்ளையோ? அப்ப அதைத் திரும்பப் போடு."