விறைப்பு வலிக்காது

ஸ்கூடாய் யூடிஎம்மில் படித்தபோது யங் குணகம் என்றால் எனக்கு இரும்பும் ரப்பரும்தான். அதே தாமஸ் யங் 1808-இல் தமனிகளைப் பற்றியும் உரையாற்றியிருக்கிறார் என்பது, ஸ்ட்ரோக் நோயாளிகளை அளக்கத் தொடங்கிய பிறகே தெரிந்தது.

இதயத்துடிப்பின் அலை மிருதுவான தமனியில் மெதுவாகவும் விறைத்ததில் வேகமாகவும் ஓடும். கழுத்திலும் தொடையிலும் அல்ட்ராசவுண்டை வைத்து, அலை வந்துசேரும் நேர வித்தியாசத்தைப் பிடிக்கிறோம். தூரத்தை அந்த நேரத்தால் வகுத்தால் வேகம். வினாடிக்கு 10 மீட்டரைத் தாண்டினால் கவலைதான்.

ரத்த அழுத்தமும் இனிப்புநீரும் வருஷக்கணக்கில் விறைப்பை ஏற்றும், வலி இருக்காது. கூலாய் பக்கம் பால்மரம் வெட்டிய என் தாத்தா விழுந்தபோதும், "நேத்துகூட நல்லாத்தானே இருந்தாரு" என்றார்கள்.

"இத அளந்தா கை திரும்ப வருமா தம்பி?" ஒரு பெரியவர் கேட்டார்.

"வராதுங்க ஐயா. அடுத்தது வர்ற ஆபத்து எவ்வளவுன்னு தெரியும்."

சக்கர நாற்காலியைப் பிடித்திருந்த மகனைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப இவனுக்கும் பாருங்க."