மூங்கிலுக்கு மூன்று வயது

மழைக்காலத்தில் மண்ணைப் பிளந்து எழும் மூங்கில் குருத்து இரண்டு மூன்று மாதங்களில் தன் முழு உயரத்தையும் எட்டிவிடும். பெரிய இனங்களில் ஒரே நாளில் ஓர் அடிக்கு மேல் உயரும் குருத்துகளும் உண்டு. எந்தப் பருமனில் வெளியே வந்ததோ கடைசிவரை அதே பருமன்தான்; வேம்பைப் போல ஆண்டுக்காண்டு பெருக்காது. அந்த உயரத்தை நம்பி உடனே வெட்டி நாற்காலி செய்தால், சீக்கிரமே சுருங்கும், விரிசல் விடும், உளுத்து மாவாகக் கொட்டும். தண்டு இறுகி வைரம் பாய மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். வளர்த்தி வேறு, முதிர்ச்சி வேறு. என் வயதில் இளையவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன்.

காரைக்குடிப் பக்கம் மரம் என்றால் பர்மாத் தேக்கைத்தான் பேசுவார்கள். கானாடுகாத்தானிலும் தேவகோட்டையிலும் வீடு பார்க்க வருகிறவர்கள் நிலைக்கதவையும் தூணையும் தடவிப் பார்க்கிறார்கள். அந்தச் சுவர்கள் எழும்பச் சாரம் கட்டியது மூங்கில். கல்யாணப் பந்தலுக்குக் கால், ஏணி, முறம், கூடை, கடைசியில் பாடை எல்லாமே மூங்கில்தான். கூட இருந்து உழைப்பதை நாம் சீக்கிரம் மறந்துவிடுகிறோம்.

வயதறிந்து வெட்டுவதுதான் முதல் வேலை. இளந்தண்டு பளபளவென்று பச்சையாக, மேலே வெள்ளைப் பூச்சுடன், கணுக்களில் உறை ஒட்டியபடி நிற்கும். முதிர்ந்த தண்டில் உறை உதிர்ந்திருக்கும், நிறம் மங்கியிருக்கும், சாம்பல் நிறத் திட்டுகள் படர்ந்திருக்கும். அரிவாளின் பின்புறத்தால் தட்டினால் கணீரென்று கேட்கும். புதருக்கு உள்ளே நிற்பவைதான் பெரும்பாலும் மூத்தவை; புதுக் குருத்துகள் வெளி ஓரத்தில் வரும். மண்ணுக்கடியில் எல்லாம் ஒரே கிழங்கில் இணைந்திருப்பதால், மூத்த தண்டுகள்தான் குருத்துக்கு உணவு ஊட்டுகின்றன. கல்யாண வாழ்த்தில் சுற்றத்துக்கு உவமையாக மூங்கிலைச் சொன்ன பெரியவர்கள் இதைக் கவனித்திருக்க வேண்டும். எனவே மூத்தவற்றிலும் சிலவற்றை விட்டுத்தான் வெட்ட வேண்டும். குருத்து விடும் மழைக்காலத்தில் புதரில் கை வைக்கக் கூடாது. மழை ஓய்ந்து தை, மாசியில் வெட்டுவது நல்லது.

வெட்டிய பிறகுதான் உண்மையான பக்குவம் தொடங்குகிறது. மூங்கிலுக்குள் இருக்கும் மாவுச்சத்தைத் தேடித்தான் வண்டு துளைக்கிறது. அதனால் நம் முன்னோர் தண்டுகளைக் கண்மாய்த் தண்ணீரில் பல வாரங்கள் அமிழ்த்தி வைத்தார்கள். மாவுச்சத்து கரைந்து வெளியேறும்போது நாற்றம் குடலைப் பிடுங்கும். அந்த நாற்றத்தைச் சகித்தவன் பொருள்தான் நின்றது. இன்று வெங்காரம் எனும் போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த தண்ணீரில் ஊற வைக்கிறார்கள். 100 லிட்டர் தண்ணீருக்கு 3 கிலோ போராக்ஸ், 2 கிலோ போரிக் அமிலம் என்பது ஒரு கணக்கு. கணுவின் உள்தடுப்புகளை நீண்ட கம்பியால் துளைத்தால்தான் மருந்து உள்ளே இறங்கும். மழை பட்டால் இந்த மருந்து கரைந்து போகும். ஆகவே அது வீட்டுக்குள் இருக்கும் சாமான்களுக்கே ஏற்றது. ஊறிய மூங்கிலை நிழலில் நிறுத்தி வைத்து உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டு அவசரப்படுத்தினால் வெடிக்கும்.

பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்ய, போன நகரத்தார் தங்கள் பிள்ளைகளைப் பழக்கிய முறையும் இப்படித்தான். கடை நடந்த கிட்டங்கியில் எடுபிடியான பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, ஏவிய வேலையெல்லாம் செய்து, கணக்கு எழுதப் படித்து, அடுத்தாள் எனும் உதவியாளாகி, அதன் பிறகே கடையை நடத்தும் மேலாள். மேலாளை அனுப்புவதும் மூன்றாண்டுக் கணக்குக்குத்தான். வட்டிக் கணக்கு மனப்பாடம் ஆனதும் பெட்டிச் சாவியைக் கையில் கொடுத்துவிடவில்லை. சில்லறை வேலையில் ஊறி, அவசரமும் ஆசையும் கரைந்த பிறகுதான் அடுத்தவர் பணத்தை நம்பி ஒப்படைத்தார்கள்.

பக்குவப்பட்ட மூங்கிலையும் அதன் இயல்பறிந்து நடத்த வேண்டும். தேக்கில் அடிப்பதுபோல ஆணி அடித்தால் பிளந்துவிடும். துறப்பணத்தாலோ டிரில்லாலோ முதலில் துளையிட்டு, மூங்கில் முளை செருகிப் பிரம்பால் கட்டினால் நிற்கும். கால்களைக் கணுவை ஒட்டி அறுத்தால் நுனி பிளக்காது. வளைக்க வேண்டுமானால் தீயில் சீராகச் சூடேற்றி, மெதுவாக வளைத்து, ஆறும்வரை பிடித்திருக்க வேண்டும். வழவழப்புக்காக மேற்பரப்பை ஆழமாகச் சீவக் கூடாது. மூங்கிலின் பலம் பெரும்பாலும் அந்த வெளிச்சுவரில்தான் இருக்கிறது.

வைரம் வெளியே இருந்தால் புல், உள்ளே இருந்தால் மரம் என்று தொல்காப்பியத்தின் மரபியல் அன்றே பிரித்துவிட்டது. 1927ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டமோ மூங்கிலையும் மரத்தோடு சேர்த்தது. காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் மரமல்ல என்று சட்டம் திருத்தப்பட்டது 2017இல்தான். இன்று பெங்களூரு விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்தில் மேற்கூரையெங்கும் மூங்கில் அலங்காரம். ஏழைப் பொருள் என்று ஒதுக்கியதை உலகம் அண்ணாந்து பார்க்கிறது.

மூங்கில் நாற்காலி வாங்கப் போகிறவர்கள் விலைக்கு முன்னால் மூன்றைக் கேளுங்கள்: எத்தனை வயதுத் தண்டு, எதில் ஊற வைத்தீர்கள், எப்படி இணைத்தீர்கள்? பதில் சொல்லத் தெரிந்தவரிடம் பேரம் பேசாமல் வாங்குங்கள். பிள்ளைகள் விஷயத்திலும் அப்படியே. இருபது வயதில் உயர்ந்துவிட்டான் என்று பூரித்துப் பெரும் பாரத்தைத் தலையில் ஏற்றாதீர்கள். பின்தங்கிவிட்டான் என்று வையவும் வேண்டாம். ஒரு நல்ல கைக்காரரிடம், ஒரு தொழிலில், மூன்று வருடம் ஊற விடுங்கள். அதன் பிறகு அவன் எந்தப் பாரத்தையும் தாங்குவான்.